பனியும் பால்மரமும்: தோட்டத்து விடியலைச் சித்திரக்கதையாக வரைவது எப்படி?

பால்மரக் காடு செம்பனையாகி, செம்பனையும் வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்ட இடங்கள் நாட்டில் பல. அங்கிருந்த லயத்து வீடுகள், பெரட்டுக் களம், கோயில் மரத்தடி ஆகியவற்றின் படம்கூட பல குடும்பங்களிடம் இல்லை. பாட்டி சொல்லும் கதையைக் கேட்டு, பேரப்பிள்ளைகள் அவற்றை வரைந்து வைக்கலாம். ஓரளவு வரையத் தெரிந்தால் போதும். திட்டம் சரியாக இருக்க வேண்டும்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் டத்தோ லாட். முகமட் நோர் காலிட் என்ற இயற்பெயருடைய அவர் 1951இல் பேராக்கில் பிறந்தவர். தாம் வளர்ந்த கிராமத்தை அவர் 1979இல் 'கம்போங் பாய்' நூலாக வரைந்தார். கறுப்பு மையால் வரைந்த பெரிய படங்களில் வீடு, ஆறு, ரப்பர் மரங்கள், ஈயம் தோண்டும் இயந்திரம் எல்லாம் இருக்கும். மனிதர்களைக் கேலியாக வரைந்தாலும், அவர்கள் வாழ்ந்த சூழலை உண்மையாக வரைந்ததே அதன் பலம்.

முதலில் நேரம்

எந்த நேரத்துக் காட்சி என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். குளிர்ந்த வேளையில் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறையும் என்பதால்தான் விடியும் முன்பே மரம் வெட்டப் போனார்கள். ஆகவே இருட்டு, பனி, தலையில் கட்டிய விளக்கின் சிறு வெளிச்சம் ஆகிய மூன்றும் போதும். பால் எடுப்பது அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான். எரியும் விளக்கையும் நிரம்பிய வாளியையும் ஒரே கட்டத்தில் வரைந்தால், தோட்டத்தில் வேலை செய்தவர்கள் உடனே பிழையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்று அடுக்கு

தபால் தலை அளவில் நான்கைந்து சிறு மாதிரிகளை வரைந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கறுப்பு, சாம்பல், வெள்ளை என மூன்று நிறங்கள் மட்டுமே இருக்கட்டும். முன்னால் ஒரு மரத்தண்டு, அழுத்தமான கறுப்பில். நடுவில் வேலை செய்யும் பெண், சாம்பலில். பின்னால் மற்ற மரங்களும் லயத்துக் கூரைகளும், வெளிறிய மெல்லிய கோடுகளாக. தூரம் போகப் போக நிறம் வெளிறினால் பனி தானாகவே வந்துவிடும். இலை இலையாக வரைந்தால் அந்த உணர்வு கெட்டுப்போகும்.

பால்மரங்கள் வரிசையாக நடப்பட்டவை. அந்த வரிசைகள் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தெரியும். பார்ப்பவரின் கண் அங்கேதான் போகும். முக்கியமான ஆளை அந்தப் புள்ளிக்கு அருகில் நிறுத்த வேண்டும்.

சிறு விவரங்கள்

மரத்தின் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் சரிந்து இறங்கும். அது முடியும் இடத்தின் கீழேதான் மங்கு இருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்ந்து மரங்கள் மொட்டையாக நிற்கும் காலமும் உண்டு. கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து மரத்தின் தோற்றமும் மாறும்.

பேச்சுக்கு இடம்

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பேச்சுக் குமிழை முதலில் வரைந்துவிட்டு எழுத்தை உள்ளே திணித்தால் படிக்க முடியாது. வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிக் குமிழை வரைய வேண்டும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் இருந்தால் படிக்கும் வரிசை குழம்பாது. வசனமே இல்லாத ஒரு கட்டமும் இருக்கட்டும். தோட்டத்து விடியலின் அமைதி அங்கேதான் தெரியும்.

மை போடுவதற்கு முன், பென்சில் படத்தை அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களிடம் காட்டுவது நல்லது. கோயில் எந்தப் பக்கம், கிணறு எங்கே, சூரியன் எந்த லயத்தின் பின்னால் எழும் என்பதை அவர்களே திருத்துவார்கள். அப்படித் திருத்தும்போது சொல்லாமல் விட்ட இன்னொரு கதையும் வெளிவரும். அடுத்த படத்திற்கு அதுவே தொடக்கம்.