காட்சி எஞ்சின்கள் – 6: இருட்டின் கணக்கு

சென்ற வாரம் 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி'யோடு நிறுத்தியிருந்தோம். சுவர்கள் யாவும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்க, தரைக்கும் கூரைக்கும் ஒற்றை வர்ணத்தைப் பூசி, அருகென்றும் தொலைவென்றும் பாராத ஒரே வெளிச்சத்தில் 1992-ல் வெளிவந்த ஆட்டம் அது. அதைச் செய்த இட் சாஃப்ட்வேர் குழுவினர் டெக்ஸாஸ் மாகாணத்திலிருந்து மறு ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி 'டூம்' என்ற ஆட்டத்தை வெளியிட்டபோது, ஆடினவர்கள் மனத்தை முதலில் கவ்விக்கொண்டது அதன் துப்பாக்கியோ அரக்கர்களோ அல்ல, நடைவழியின் கடைசியில் படிப்படியாக அடர்ந்துகொண்டே போன இருட்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த இருட்டுக்குச் சித்திரக்காரரின் கற்பனை எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் ஜான் கார்மாக் எழுதிய எஞ்சினின் பிடிவாதமும்தான். சுவர் செங்குத்தாகவே நிற்க வேண்டும், தரை மட்டமாகவே கிடக்க வேண்டும், ஓர் அறையின்மேல் மற்றோர் அறை கூடாது, ஆடுபவர் அண்ணாந்து பார்க்கவும் கூடாது என்று அது விதித்த நிர்ப்பந்தங்கள் பல. ஆனால், சுவர் செங்குத்தாக இருப்பதனாலேயே திரையில் அதன் ஒவ்வொரு நெட்டுவரியும் கண்ணுக்கு ஒரே தூரத்தில் இருப்பதாகக் கொள்ள முடிகிறது. அப்படிக் கொண்டபின் தூரத்துக்கான வகுத்தலைப் புள்ளிதோறும் செய்து களைக்காமல் வரிக்கு ஒருமுறை செய்துவிட்டு, 256 நிறங்களும் எந்தத் தூரத்தில் எப்படி மங்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணைகளில் உரியதைப் பார்த்து அப்படியே பூசிவிடலாம். 486 ரகக் கம்ப்யூட்டரில், 320-க்கு 200 என்ற சிறிய திரையில், அநேகமாகச் செலவே இல்லாமல் கிடைத்த இருட்டு அது. எந்தச் சுவர் முன்னே, எது பின்னே என்ற வழக்கை, ஃபுக்ஸ், கெடெம், நேலர் என்ற மூவர் 1980-ல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் விளக்கிய கணித யுக்தி தீர்த்துவைத்தது.

அரக்கர்கள் தட்டையான படங்கள். சிலரைக் களிமண்ணில் வனைந்து பல கோணங்களில் படம்பிடித்தார்கள். செத்துக் கிடப்பவருக்கு மட்டும் ஒரே கோணம் போதுமென்று விட்டுவிட்டபடியால், பிணத்தை நாம் எப்படிச் சுற்றி வந்தாலும் அது நம் பக்கமே திரும்பிக் கிடக்கும். சிக்கனத்தால் நேர்ந்த இந்தப் பயங்கரத்தை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்!

1996 ஜூன் மாதத்தில் வந்த 'குவேக்' அந்த நிர்ப்பந்தங்களை உடைத்தது. மாடிமேல் மாடி வந்தது. அரக்கர்களும் பலகோணத் துண்டுகளால் ஆன முப்பரிமாண உடல் பெற்றார்கள். கார்மாக்கும் மைக்கேல் அப்ராஷும் பென்டியம் சில்லின் சக்தியைத் துளித்துளியாகப் பிழிந்தும், டூமில் மந்தைமந்தையாக வந்தவர்கள் இதில் ஒருவர் இருவராகவே வரவேண்டியதாயிற்று. ஆட்டத்தின் ஸ்வபாவமே அதனால் மாறியது. வெளிச்சத்தையோ, பயணம் கிளம்புமுன் கட்டுச்சாதம் கட்டிக்கொள்வதுபோல, எந்த விளக்கு எந்தச் சுவரில் எவ்வளவு படும் என்று ஆட்டத்தை அமைத்தவர்களே முன்கூட்டி நெடுநேரம் கணக்கிட்டு, அந்த விடையைச் சுவரோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். ஆகையால் வளைவுகளின் கீழும் படிக்கட்டுகளின் மூலையிலும் அதுவரை எந்த ஆட்டத்திலும் காணாத மென்மையான நிழல் படிந்தது. ஆயினும் அந்த நிழல் அசையாது, கதவு நகர்ந்தாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். குவேக்கின் பெயர்போன பழுப்பு நிறத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மொத்தம் 256 நிறங்களே கைவசம் இருக்க, ஒவ்வொன்றும் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் படிப்படியாக இறங்கவும் வேண்டுமானால், பல வர்ணங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டொரு படி கொடுப்பதைவிடச் சில வர்ணங்களுக்கு நிறையப் படிகள் கொடுப்பதே விவேகம். பாழடைந்த கோட்டைகளில் அவர்களுக்கிருந்த ருசி ஒரு காரணம், இந்தக் கணக்கு மற்றொன்று.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2004-ல், 'டூம் 3'-இல் கட்டுச்சாதத்தைத் தூர எறிந்துவிட்டார் கார்மாக். ஒவ்வொரு விளக்கின் ஒளியும் நிழலும் அந்தந்தக் கணத்திலேயே, சுவருக்கும் அரக்கனுக்கும் ஒரே விதிப்படி கணக்கிடப்பட்டன. தலைக்குமேல் விளக்கு ஆடினால் அறை முழுவதும் நிழல்கள் ஆடின. அந்த முறையில் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூராக இருக்குமேயன்றி மெதுவாகக் கரையாது. சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்குக் கணக்கே இல்லாததால் விளக்கு நேரே படாத இடம் வெறும் கருமை. ஒரு பரப்பின்மேல் எத்தனை விளக்குகள் விழுகின்றனவோ அத்தனை முறை அதைத் திரும்ப வரைய வேண்டியிருந்ததால், விளக்குகளைக் கருமித்தனமாகவே வைக்க வேண்டியிருந்தது. இவ்வளவும் சேர்ந்தால் செவ்வாய்க் கிரகத்து நிலையம் ஒன்றின் இருண்ட தாழ்வாரங்களைத் தவிர வேறெந்தக் கதைக்களம் அந்த எஞ்சினுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்? அதை விரிந்த வயல்வெளியில் நடுப்பகலில் நிறுத்தியிருந்தால் பரிதாபமாக விழித்திருக்கும்.

ஆடினவர்கள் அதிகமாகச் சண்டை பிடித்தது டார்ச் விளக்கைப் பற்றித்தான். கையில் விளக்கை எடுத்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது, துப்பாக்கியைப் பிடித்தால் எதிரே நிற்பவன் தெரியமாட்டான். பொறுமையிழந்த ரசிகர்கள் துப்பாக்கியோடு விளக்கை ஒட்டிவிடும் ஒரு திருத்தத்தைத் தாமே எழுதி, ஒட்டுநாடாவின் பெயரையே அதற்கு வைத்துப் பரப்பினார்கள். 2012-ல் மறுபதிப்பு வந்தபோது நிறுவனத்தாரே வீரனின் கவசத்தில் விளக்கைப் பொருத்தி, காட்சியின் வெளிச்சத்தையும் சற்றுக் கூட்டிவிட்டார்கள். இதனால் ஆட்டத்தின் பயம் போய்விட்டது என்று குறைபட்டவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.