வாசகமும் பாவும்: மாதோட்டக் கரையில் நத்தார் இசை

சைவ மாணவர் மார்கழி வைகறையில் திருவெம்பாவை கேட்டு எழுபவர். அம்மாதத்தின் பத்தாம் நாளளவில், அயலிலுள்ள கிறித்தவ கோவிலிலே நள்ளிரவில் வேறொரு பாட்டு எழுவதையும் அவருட் பலர் கேட்டிருப்பர். ஒரே மாதத்துக் குளிரில் ஒரே மொழியில் எழும் இவ்விரு பாட்டுக்களுள் முன்னையதை நாம் நன்கறிவோம். பின்னையது எவ்வாறு அமைந்தது, எங்கிருந்து வந்தது, நம் மரபோடு அதற்கு உறவு யாது என்பவற்றைப் பெரும்பாலும் அறியேம். அவற்றை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களம் மன்னார்க் கரையாகும். மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் பெருவழியில் இலுப்பைக்கடவை என்னும் ஊர் உளது. இலுப்பை மரப்பெயர், கடவை என்பது கடந்து செல்லும் வழி. வயலும் கடலும் அணுகிக் கிடக்கும் இக்கரையில், தெற்கே திருக்கேதீச்சரம் விளங்க, சைவரும் கத்தோலிக்கரும் நெடுங்காலமாக அயலவராய் வாழ்ந்து வருகின்றனர். நத்தார் என்னும் பெயரே போர்த்துக்கேயர் மொழியிலிருந்து இங்கு வந்து தமிழாகிய சொல் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நத்தார் இசைவழிபாடு பாட்டுக்களின் தொகுதி மாத்திரமன்று. அது கதை கூறும் வழிபாடு. லூக்கா, மத்தேயு என்போர் பெயரால் வழங்கும் நற்செய்தி நூல்களிலிருந்து இயேசுவின் பிறப்பைக் கூறும் பகுதிகளை ஒருவர் வாசிப்பர். ஒரு பகுதி முடிந்ததும் பாடகர் குழு அதற்கியைந்த பாட்டைப் பாடும். வானதூதர் இடையர்க்குத் தோன்றியதை வாசகம் கூறின், இடையரின் வியப்பைப் பாட்டுக் கூறும். கீழ்த்திசை ஞானியர் விண்மீனைப் பின்தொடர்ந்ததை வாசகம் கூறின், அவர்தம் காணிக்கையின் பொருளைப் பாட்டு விரிக்கும். வாசகம் கதையை நடத்திச் செல்லும். பாட்டுக் கேட்போரை ஓரிடத்தில் நிறுத்தி உணரச் செய்யும். வாசகமின்றேல் பாட்டுக்குக் காரணமில்லை. பாட்டின்றேல் வாசகம் வெறுஞ் செய்தியாய் ஒழியும்.

மேனாட்டில் இவ்வமைப்புப் பல வடிவங்களில் வளர்ந்தது. செருமானிய இசைப்புலவர் பாக் என்பார் 1734இல் அமைத்த நத்தார் இசைத்தொகுதியில், நற்செய்தியாளரின் கூற்றை ஒரு தனிக்குரல் இசைப்பேச்சாகக் கூற, குழுப்பாடல்கள் இடையிடையே வருகின்றன. இங்கிலாந்திலே துரூரோ நகரில், பேராலயம் கட்டி முடியாத காலத்தில், மரத்தாலான தற்காலிகக் கோவிலொன்றில் 1880ஆம் ஆண்டு நத்தார் முன்னிரவில் பேராயர் பென்சன் ஒன்பது வாசகங்களும் அவற்றிடையே பாட்டுக்களும் கொண்ட வழிபாட்டை நடத்தினார். பாடகர் குழுச் சிறுவன் முதலாகப் பேராயர் ஈறாகப் படிமுறையில் வாசித்தனர். கேம்பிரிட்சு நகரின் கிங்ஸ் கல்லூரியில் இம்முறை தொடங்கியது 1918இல். அதனை அங்குத் தொடக்கிய மில்னர் உவைற்று என்பார் முதலாம் உலகப் போரில் படைக்குருவாய்ப் பணியாற்றி மீண்டவர். 1928இல் வானொலி அவ்வழிபாட்டை முதன்முதலாக ஒலிபரப்பிற்று.

எனவே, இம்முறை நமக்கு முற்றிலும் புதியதென்று கருதுவர் சிலர். அது பொருந்தாது. சிலப்பதிகாரம் பாட்டினிடையே உரை விரவிய காப்பியம் என்பதை மாணவர் அறிவர். யாழ்ப்பாணத்துக் கோவில்களில் கந்தபுராணப் படிப்பு நிகழும்போது ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் அதன் பயனை உரைப்பர். இரு குரல்களும் மாறிமாறி வர, எழுத்தறியாதாரும் புராணத்தை அறிந்தனர். கதாப்பிரசங்கத்தின் இயல்பும் இதுவே.

மன்னார்க் கத்தோலிக்கரிடையேயும் இம்மரபு வேரூன்றியது. 1658இல் மன்னார் ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்கக் குருமார் விலக்கப்பட்டனர். 1687இல் யோசேப்பு வாஸ் அடிகள் மறைவாக இலங்கைக்கு வந்தார். அவர்பின் 1705இல் வந்த கோவைநாட்டு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 1742இல் மறையுமளவும் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் கோவில்களில் உருக்கமாக வாசிக்கப்பட்டு வந்தது. பூசைமொழி இலத்தீனாயிருந்த காலத்தில், மக்கள் தம் சமயக் கதையைத் தம் மொழியிற் கேட்டது இத்தகைய வாசிப்பினாலும் பாட்டினாலுமே. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்தபோது, இக்கரையில் அதற்குரிய நிலம் முன்னரே பண்பட்டிருந்தது.

இதற்குச் சிறந்த சான்று மாதோட்ட நாட்டுக்கூத்து. அதில் வாசகப்பா என்பது ஒருவகை. நாடகத்தினும் சுருங்கிய அவ்வடிவத்தில் பாட்டிடையே வசனம் வந்து கதையை நடத்தும். வாசகமும் பாவும் என அதன் பெயரே அதன் இலக்கணமாகும். ஞானியர் மூவர் குழந்தை இயேசுவைக் காண வந்த கதையைக் கூறும் மூவிராசாக்கள் நாடகத்தை அறிஞர் சு. வித்தியானந்தன் 1966இல் பதிப்பித்தார். துரூரோவில் மரக்கோவில் எழுப்பியவர் நாடிய பொருளை இங்குள்ள அண்ணாவிமார் மத்தளத்தோடு வெட்டவெளியில் நிகழ்த்தினர் எனலாம்.

இனி இசையின் நுட்பத்தை நோக்குவோம். மேனாட்டுக் குழுப்பாடலில் பெண்டிர் அல்லது சிறுவரின் உயர்குரல், அதன்கீழ்க்குரல், ஆடவரின் உயர்குரல், அடிக்குரல் என நான்கு குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களைப் பாடி இணையும். நம் இசையோ ஒரே இராகத்தின் வழி நடப்பது. அதன் உயிர் சுரத்தின் அசைவாகிய கமகத்தில் உள்ளது. நான்கு குரல்கள் இணைய வேண்டுமாயின் ஒவ்வொன்றும் தன் சுரத்தில் அசையாது நிற்றல் வேண்டும். நிற்பின் கமகம் மறையும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழத்தல் இங்குத் தவிர்த்தற்கரியது.

இதனினும் பெரிய இடர் மொழியைப் பற்றியது. தமிழிற் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்துவன. அயல்மெட்டிலே தமிழ்ச்சொல்லைப் பொருத்துவோர், நீண்ட சுரத்திற் குறிலை வைத்துவிடின், ‘விண்’ என்பது ‘வீண்’ என ஒலிக்கும். வானத்தைப் புகழ வந்த பாட்டு அதனைப் பயனற்றதாக்கிவிடும்! ஆதலின் பாட்டமைப்போர் மெட்டைக் கற்பதற்குமுன் எழுத்தின் மாத்திரையைக் கற்றல் வேண்டும். வாசிப்போரும், பாட்டுக்கு இடையே நேரம் போக்குவோராகத் தம்மைக் கருதாது, சொற்களைப் பிரித்து, நிறுத்தி, பொருள் விளங்க வாசித்தல் வேண்டும். இசைக்கருவிகள் பெருகப் பெருக வாசகம் சுருங்குமாயின், வழிபாடு கச்சேரியாகிவிடும்.

இது வெறும் கலைவாதமன்று. 2008இல் போர் இக்கரையைக் கடந்தபோது இலுப்பைக்கடவை உள்ளிட்ட ஊர்கள் வெறிதாயின; மக்கள் வன்னியின் உட்புறம் பெயர்ந்தனர். பெயர்ந்து செல்வோர் கையோடு கொண்டு செல்லக்கூடியன சிலவே. ஏட்டிலும் அண்ணாவிமாரின் நினைவிலும் மாத்திரம் வாழும் மெட்டு அத்தகைய காலத்தில் எளிதில் அழியும். ஆயினும் போருக்குப்பின் மக்களை மீண்டும் ஒருங்கு சேர்க்க வல்லதும் அதுவே. கேம்பிரிட்சில் 1918இல் படைக்குருவொருவர் தேர்ந்த வழி மன்னாருக்கும் பொருந்தும்: ஒருவர் கதையைச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து பாடுதல்.

வாசகப்பா மெட்டுக்களை முதியோர் வாய்ப்பக் கேட்டு ஒலிப்பதிவு செய்தலும், ஏடுகளைப் படியெடுத்தலும், அவற்றை நத்தார் வழிபாட்டின் வாசகங்களோடு இணைத்தலும் இன்று செய்யத்தக்கன. இப்பணி கிறித்தவர்க்கு மாத்திரம் உரியதன்று. புராணப் படிப்பில் பயன் சொல்லும் குரலைக் கேட்டு வளர்ந்த மாணவனுக்கு அயற்கோவில் வாசகரின் குரல் அந்நியமாகாது. இரண்டும் ஒரு மொழியின் செல்வம் என்றுணர்ந்து, இரண்டையும் போற்றுதல் கற்றார் கடனாகும்.