மினாவில் வழி தவறினால் யாரைக் கேட்பது?

புது தில்லி: மினாவில் கூடாரங்கள் அனைத்தும் ஒரே வடிவம், ஒரே வெண்மை. கல்லெறியும் சடங்கை முடித்துத் திரும்பும் முதியவர் தமது கூடாரம் எதுவெனத் தெரியாமல் தவிப்பது ஆண்டுதோறும் நிகழ்வது. அவரது கையில் இந்திய ஹஜ் குழு அளித்த எஃகு வளையம் இருக்கும். அதில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து வழிகாட்ட ஒருவர் வேண்டுமே!

அந்த ஒருவர்தான் 'காதிமுல் ஹுஜ்ஜாஜ்' என முன்பு அழைக்கப்பட்டு, இப்போது மாநில ஹஜ் ஆய்வாளர் எனப் பெயர் மாற்றப்பட்டிருக்கும் அரசு ஊழியர். மாநிலந்தோறும் தேர்வாவதால், பயணியின் மொழியிலேயே பேசக்கூடியவர். முன்னர் 200 பயணிகளுக்கு ஒருவர் என்றிருந்த விகிதம் 2025-இல் 150-க்கு ஒருவர் என மாற்றப்பட்டது. ஜெட்டா துணைத் தூதரகமும், இந்தியாவிலிருந்து தாற்காலிகமாக அனுப்பப்படும் மருத்துவக் குழுவும் உடன் நிற்கின்றன.

ஹஜ் விவகாரம் 2016-இல் வெளியுறவு அமைச்சகத்திடமிருந்து சிறுபான்மையினர் நல அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. அந்த அமைச்சகம் 2024 மார்ச் மாதம் 'ஹஜ் சுவிதா' என்ற கைப்பேசிச் செயலியை அறிமுகப்படுத்தியது. விமானம், தங்குமிடம், அவசர உதவி என எல்லாம் அதில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு எழுபது வயதில் புறப்படுபவரின் விரல்கள் செயலிக்குப் பழகியவை அல்ல.

தனியார் முகவர்கள் வழியே செல்வோரின் நிலை வேறு. அவர்களுக்கு வழிகாட்ட வேண்டியவர் முகவரே. 2025-இல் அவர்களுக்கென ஒதுக்கிய 52,507 இடங்களுக்கு மினாவில் இட ஒப்பந்தம் உரிய காலத்தில் முடியவில்லை. முகவர்களே காலக்கெடுவைத் தவறவிட்டதாக அமைச்சகம் கூறியது. இந்தியா வலியுறுத்தியதன் பேரில் சவூதி அரேபியா 10,000 பேருக்கு மட்டும் மீண்டும் வழி திறந்தது. பணம் கட்டிக் காத்திருந்த மற்றவர்கள் யாரிடம் முறையிடுவது?

எந்தப் பட்டியலிலும் சேராமல் செல்வோருக்கு இந்த அளவு ஆதரவும் கிடையாது. 2024-இல் கடும் வெயிலில் 1,301 பேர் இறந்ததாகவும், அவர்களில் 83 சதவீதத்தினர் அனுமதி பெறாதவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் இன்றி நெடுந்தொலைவு நடந்தவர்கள் அவர்கள்.

ஹஜ் என்றாலே நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் எழுந்தது மானியப் பேச்சு. 2018-இல் மானியம் நின்றதும் அது அடங்கிற்று. 150 பேருக்கு ஓர் ஆய்வாளர் போதுமா, தனியார் வழிப் பயணிக்குப் பொறுப்பு யார் என்ற கேள்விகளுக்கு மானியத்துக்குக் கிடைத்த நேரத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை.