பாட்டால் பிடிபடும் பறவை, பாட்டால் எண்ணப்படும் பறவை

புலாவ் உபின் படகுத்துறையிலிருந்து மிதிவண்டியில் கிளம்பி, கடைகள் முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்தில் சற்று நில்லுங்கள். காலை நேரமாக இருந்தால் நல்லது. தண்ணீர் குமிழியிட்டுப் பொங்குவதுபோல் ஒரு பாட்டு கேட்கலாம். ஒரு பறவை தொடங்க, இன்னொன்று சேர்ந்துகொள்ளும். மலாயில் இதன் பெயர் பாராவ்-பாராவ். ஆங்கிலத்தில் ஸ்ட்ரா-ஹெடட் புல்புல். புல்புல்களைத் தமிழில் கொண்டைக்குருவி என்பார்கள். ஆனால் இதைக் குருவி என்று சொல்ல மனம் வராது. ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் நீளம், அதாவது உங்கள் பள்ளி அடிக்கோல் அளவு. வைக்கோல் நிறத் தலை, கறுப்பு மீசைக்கோடு, வெள்ளைத் தொண்டை.

ஒரு காலத்தில் தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ என்று ஆற்றங்கரைகளெங்கும் இது பாடிக்கொண்டிருந்தது. இன்று தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் இது அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. காடு சுருங்கியது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதன் குரல். பறவை வளர்ப்பதும் பாட்டுப்போட்டிக்குக் கொண்டுபோவதும் இந்தோனேசியாவில் பரவலான வழக்கம். நன்றாகப் பாடும் பறவைக்கு நல்ல விலை. ஆற்றோரத்தில் உரக்கப் பாடும் பறவை, தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்லிக்கொடுக்கிறது. பிடிப்பவருக்கு வேறு துப்பு தேவையில்லை. 2018இல் இதை அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 'மிக அருகிய இனம்' என்ற பிரிவில் சேர்த்தது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். அதே குரலைக் கேட்டு வேறொரு கூட்டமும் கிளம்பியது. அவர்கள் கையில் வலை இல்லை. குறிப்பேடும் கடிகாரமும் இருந்தன. சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தொண்டூழியர்கள் ஆண்டுதோறும் பறவைகளை எண்ணி வருகிறார்கள். பெரும்பாலோர் அறிவியலாளர்கள் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நாளில் விடியுமுன் எழுந்து போனவர்கள். 2001 முதல் 2016 வரை அவர்கள் சேர்த்த கணக்கை ஆய்வாளர்கள் அலசினார்கள். இங்கே குறைந்தது 200 பறவைகளாவது இருக்கின்றன என்று தெரிந்தது. உபினில் எண்ணிக்கை கூடியிருந்தது. பெருநிலத்தில் பெரிதாக மாறவில்லை. இருநூறு சிறிய எண்ணாகத் தோன்றலாம். உலகம் முழுவதும் மிஞ்சியிருப்பவை சில நூறிலிருந்து ஏறத்தாழ 1,700 வரைதான் என்பது அப்போதைய மதிப்பீடு. இப்போது அந்த இருநூறைத் திரும்பப் பாருங்கள்.

ஓர் ஆய்வாளர் ஒரே விடியலில் முப்பது இடங்களில் நிற்க முடியாது. முப்பது பேர் நிற்கலாம். ஆனால் முப்பது பேரும் தங்கள் விருப்பத்துக்கு எண்ணினால், கிடைப்பது வெறும் கூச்சல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டு ஒருவர் ஒரு மணி நேரத்தில் 10 பறவைகளை எண்ணினார். இந்த ஆண்டு வேறொருவர் அதே பாதையில் மூன்று மணி நேரம் நடந்து 15 எண்ணினார். பறவை கூடியதா, குறைந்ததா? வகுப்பில் பாதிப் பேர் 'கூடியது' என்பார்கள். மணிக்கு 10, மணிக்கு 5 என்று வகுத்த பிறகுதான் முகம் மாறும். அதனால்தான் ஒரே பாதை, ஒரே பருவம், ஒரே நேர அளவு என்று இத்தனை கட்டுப்பாடு. பாராவ்-பாராவ் இணையாகப் பாடும்போது இரண்டு குரல்களை ஒன்றென்று எழுதிவிடலாம்; இடம் மாறிப் பாடும் ஒரே பறவையை இரண்டென்றும் எழுதிவிடலாம். காது பழகப் பல மாதம் ஆகும்.

இன்னொன்று: பூஜ்யம். ஒரு மணி நேரம் நின்று ஒன்றையும் கேட்காமல் திரும்பினால் 'இன்று வீண்' என்று பலர் எழுதாமலே விடுகிறார்கள். எனக்கு இது பொறுக்காது. ஒரு பறவை ஓரிடத்தை விட்டுப் போய்விட்டதா என்பதை அந்தப் பூஜ்யங்கள்தான் காட்டும். பார்த்ததை மட்டும் எழுதினால், எல்லா இடத்திலும் எல்லாம் நலம் என்றே பட்டியல் சொல்லும்.

சேர்ந்த கணக்கு எங்கே போகிறது? அருகிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டில், 2022இல் இந்தப் பறவை முதல் இணைப்புப் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. காட்டில் பிடித்த பறவையை நாடு கடந்து வணிகம் செய்ய இனி இடமில்லை. இத்தகைய முடிவுக்கு 'குறைந்துவிட்டது போலிருக்கிறது' என்ற பேச்சு போதாது, எண்கள் வேண்டும்.

ஆனால் எண்களோடு ஓர் ஆபத்தும் வருகிறது. எந்த மரம், எந்த வளைவு என்று நீங்கள் பதிவிட்டால், அதைப் பிடிப்பவரும் படிப்பார். இபேர்டு போன்ற தளங்கள், வணிகத்துக்காக வேட்டையாடப்படும் இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைப்பது இதனால்தான். உங்கள் கைத்தொலைபேசிப் படத்திலும் இடக்குறிப்பு ஒட்டியிருக்கக்கூடும். நண்பர்களுக்கு அனுப்புமுன் அதை நீக்கிவிடுங்கள். பறவையை அருகே வரவழைக்க அதன் பாட்டை ஒலிபரப்புவதும் வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அது இரைதேடுவதை விட்டுவிட்டுப் பதறும்.

பயிற்சிக்கு உபின்வரை போகவேண்டியதில்லை. உணவங்காடி நிலையத்தில் தட்டில் மிஞ்சிய சோற்றைக் கொத்தும் ஜாவா மைனாவிலிருந்து தொடங்கலாம். இங்கே அதைத் தொல்லை என்று விரட்டுகிறோம். அதன் தாயகமான ஜாவாவில் கூண்டு வணிகத்தால் அது அருகிக்கொண்டிருக்கிறது. உங்கள் புளோக்கின் கீழே, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பத்து நிமிடம் எண்ணுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எண்ணிக்கை. அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்தில், அதே பத்து நிமிடம்.