யாரும் படிக்காத தொடர்

1887-ல் லண்டன் வார இதழான ‘தி எலெக்ட்ரீஷியன்’ தன் பக்கங்களில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடரை நிறுத்தியது. புதிதாக வந்த ஆசிரியர் மாணவர்களிடம் விசாரித்தாராம். படிப்பவர் ஒருவரும் அகப்படவில்லையாம். பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் பெரிய கோபமில்லை. தந்தித் தொழிலாளர்கள் புரட்டும் இதழில் பக்கம் பக்கமாகக் கணக்கு வந்தால் யார்தான் படிப்பார்கள்?

எழுதியவர் ஆலிவர் ஹெவிசைடு. 1850-ல் லண்டனின் கேம்டன் டவுனில் பிறந்தவர். சிறுவயதில் வந்த காய்ச்சலில் காது மந்தமானது. பள்ளிப்படிப்பு 16 வயதோடு சரி. தந்தி ஆராய்ச்சியில் பெயர்பெற்ற சார்லஸ் வீட்ஸ்டன் தாய்வழி உறவினர் என்பதால் அந்தத் தொழிலில் கால்வைத்தார். டென்மார்க்கிலும் நியூகாஸிலிலும் வேலை பார்த்தார். 24 வயதில் விட்டுவிட்டார். அதன்பிறகு சாகும்வரை எங்கும் வேலைக்குப் போகவில்லை.

பெற்றோர் வீட்டில் அறைக்குள் உட்கார்ந்து, 1873-ல் வெளியான, இயற்பியலாளர் மேக்ஸ்வெலின் மின்காந்தவியல் நூலைத் தானே படித்துத் தேறினார். மின்காந்தத்துக்கு மேக்ஸ்வெல் 1865-ல் தந்தவை 20 சமன்பாடுகள். இன்று பாடப்புத்தகங்களில் இருப்பவை நான்கே. அவற்றை வெக்டர் வடிவில் இறுக்கிக் கட்டியவர் ஹெவிசைடு. மேக்ஸ்வெலின் பெயரே நிலைத்ததில் அவருக்குக் குறையில்லை. அது மேக்ஸ்வெலின் கொள்கைதான் என்று அவரே சொன்னார்.

வம்பு வந்தது தொலைபேசிக் கம்பியில். கம்பி நீண்டால் பேச்சு குழறியது. காரணம் இதுதான்: பேச்சில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் கம்பியில் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிறது, வெவ்வேறு அளவில் தேய்கிறது. முன்னே போகவேண்டியது பின்னே வந்து சேர்ந்தால் சொல் சொல்லாக இருக்காது. கம்பியின் மின்தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மைதான் எதிரி என்று நம்பினார் தபால் துறையில் மின்சார விவகாரங்களைக் கவனித்த வில்லியம் பிரீஸ். ஹெவிசைடு நேர்மாறாகச் சொன்னார்: தூண்டலைக் கூட்டுங்கள். மின்தடைக்கும் தூண்டலுக்கும் உள்ள விகிதம், கசிவுக்கும் மின்தேக்குத்திறனுக்கும் உள்ள விகிதத்தோடு சமமானால் அலை மெலியும், உருக்குலையாது. கம்பிவழியே ஆங்காங்கே சுருள்களைக் கோத்தால் போதும்.

பிரீஸ் ஏற்கவில்லை. அண்ணன் ஆர்தரும் ஆலிவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக்கட்டுரை வெளிவரவிடாமல் தடுத்தார். தொடரை ஆதரித்த பழைய ஆசிரியர் பிக்ஸ் அதே 1887-ல் பதவி இழந்தார். ஹெவிசைடும் சாது அல்ல; பிரீஸைக் குத்திக்காட்டும் இடங்கள் அவர் கட்டுரைகளில் ஏராளம். கணக்குக்கு நடுவே திடீரென்று தலைகாட்டும் அந்தக் கிண்டலுக்காகவே அவரைப் படிக்கலாம் என்பேன்.

1889-ல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, மின்பொறியாளர் கழகத் தலைமையுரையில் ஹெவிசைடைப் பாராட்டியபின் காற்று திரும்பியது. 1891-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். தொடரை நிறுத்திய அதே ‘எலெக்ட்ரீஷியன்’ மறுபடி அவருக்கு இடம் தந்தது. ‘எலெக்ட்ரோமேக்னடிக் தியரி’ 1893, 1899, 1912 என மூன்று தொகுதிகளாக நூலானது. இன்று எலெக்ட்ரீஷியன்கள் சாதாரணமாகச் சொல்லும் ‘இண்டக்டன்ஸ்’, ‘இம்பீடன்ஸ்’ என்ற சொற்கள் அவர் புழக்கத்தில் விட்டவை. சுருள் யோசனைக்கான அமெரிக்கக் காப்புரிமை மட்டும் 1900-ல் மைக்கேல் பியூபினுக்குப் போனது. பணமும் அங்கேதான் போனது. ஹெவிசைடு காப்புரிமை எடுத்திருக்கவில்லை. 1896 முதல் அரசு தந்த ஆண்டுக்கு 120 பவுண்டு ஓய்வூதியம்தான் அவருக்கு ஆதாரம்.

கடைசிக் காலம் டார்க்கீ நகரில், பெரும்பாலும் தனியாக. கடிதங்களில் தன் பெயருக்குப் பின்னால் பட்டம்போல ‘டபிள்யூ.ஓ.ஆர்.எம்.’ என்று போட்டுக்கொள்வார். ஆங்கிலத்தில் சேர்த்துப் படித்தால் ‘வார்ம்’, அதாவது புழு. 1902-ல் அவர் கலைக்களஞ்சியக் கட்டுரையொன்றில், ரேடியோ அலைகளைத் திருப்பும் மின்கடத்து அடுக்கு வானில் இருக்கலாம் என்று எழுதியிருந்தார். இயற்பியலாளர் ஆப்பிள்டன் அதைச் சோதனையில் பிடித்தது 1924 டிசம்பரில். ஹெவிசைடு 1925 பிப்ரவரி 3-ல் இறந்தார்.