கலெக்டர் ஆபீஸ் வாசலில் சோதனை: பாட்டில் சிக்கினால் போதுமா?

சுந்தரபாண்டியம் ஆனாலும் சரி, சென்னை ஆனாலும் சரி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனால் முதலில் பையைத்தான் போலீசார் பார்ப்பார்கள். மண்எண்ணெய், பெட்ரோல் பாட்டில் இருக்கிறதா என்று சோதனை. ஏன் இந்த கெடுபிடி?

நெல்லையில் நடந்த பயங்கரம்தான் காரணம். 2017 அக்டோபர் 23-ந்தேதி கந்துவட்டி கொடுமை தாங்காமல் கூலித்தொழிலாளி ஒருவர் மனைவி, 2 பெண் குழந்தைகளுடன் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே தீக்குளித்தார். 4 பேரும் பலியானார்கள். பலமுறை மனு கொடுத்தும் பலன் இல்லை என்பதே புகார். அதன்பிறகு சோதனை தீவிரமானது.

காவல் சரியாக இருக்கிறதா என்று எப்படி கண்டுபிடிப்பது? சிக்கிய பாட்டிலை எண்ணினால் போதாது. சிக்காமல் உள்ளே போனது எத்தனை என்றும் பார்க்கணும். 2009-ல் அமெரிக்காவில் தணிக்கை அதிகாரிகளே வெடிகுண்டு பாகங்களை மறைத்து எடுத்துப்போய் சோதித்தார்கள். 10 அரசு கட்டிடங்கள். பத்திலும் காவலர்கள் கோட்டை விட்டார்கள்!

டெல்லியிலும் 2023 டிசம்பர் 13-ந்தேதி 2 பேர் புகை குப்பியோடு பார்லிமெண்டுக்குள் குதித்தார்கள். 2024-ல் அங்கே காவல் பொறுப்பு மத்திய தொழில் பாதுகாப்பு படைக்கு மாறியது.

நம்ம ஊர் கதை வேறு. இங்கே வருகிறவர் எதிரி இல்லை, மனுதாரர். வாசலில் பாட்டிலைப் பிடுங்கலாம். கடன் தொல்லை அப்படியே இருக்கும். 2003-ல் வந்த கந்துவட்டி தடை சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. கொடுத்த மனு மேல் அந்த நடவடிக்கை பாய்ந்தால், பாட்டிலோடு யார் வரப்போகிறார்கள்?

(மனம் உடைந்தவர்கள் 104-க்கு போன் செய்து ஆலோசனை பெறலாம்.)