டான்சிங் ரோஸ் சண்டைக்கு விசில் அடிக்க தியேட்டர் இல்லை!
வடசென்னை கதையை வடசென்னையே வீட்டில் பார்த்தது

"படம் எப்படிப்பா?" என்று கேட்டால் இப்போதெல்லாம் பதில் உடனே வருவதில்லை. "நீ தியேட்டர்ல பார்த்தியா, வீட்டுலயா?" என்று எதிர்க்கேள்விதான் வருகிறது.

கேட்பதில் நியாயம் உண்டு. பா.ரஞ்சித் இயக்கத்தில் ஆர்யா நடித்த "சார்பட்டா பரம்பரை" 1970-களின் வடசென்னை குத்துச்சண்டைக் கதை. ஆனால் படம் வந்ததோ வீட்டுக்கு! 2021-ம் ஆண்டு ஜூலை 22-ந்தேதி அமேசான் பிரைமில் வெளியானது. கொரோனாவால் பூட்டிக்கிடந்த தமிழகத் தியேட்டர்கள் ஆகஸ்டு 23-ந்தேதிதான் திறந்தன.

தள்ளி ஓட்டலாம்

வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. டிக்கெட் செலவு மிச்சம். குழந்தை அழுதால் படத்தை நிறுத்தலாம். கபிலனும் டான்சிங் ரோசும் மோதும் சண்டையை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கலாம். "செகண்ட் ஹாப் ஜவ்வு" என்றால் தள்ளி ஓட்டலாம்.

அங்கேதான் ஆபத்து! கபிலன் குடித்துச் சீரழிவதை ஓட்டிவிட்டால், கடைசியில் அவன் ஜெயிக்கும்போது கை தட்ட மனசு வராது. தியேட்டரில் ஆயிரம் பேரோடு அதையும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அப்புறம் விழும் விசிலே தனி.

அகஸ்தியா எங்கே?

அந்த விசிலுக்கு ஏற்ற இடம் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர். 1967-ல் தொடங்கிய அது, 2020-ல் மூடப்பட்டது. மறு வருஷம் ஊரெல்லாம் தியேட்டர் திறந்தபோதும், அகஸ்தியாவின் கதவு மட்டும் திறக்கவே இல்லை.